பொம்மைக் காருக்கு நடுவர்

"இந்தப் பொம்மைக் காரை ஒருநாள் அடுப்புல வச்சு எரிக்கல, என் பேரு பவானி இல்ல."

இதைப் பவானி வீட்டுக்குள் நின்று சொல்லவில்லை, நடுத்தெருவில் நின்று சொன்னாள். கம்பம் ஊரில் அந்தத் தெருவுக்கு இதெல்லாம் பழகிப்போன காலை வணக்கம்.

"மெல்லப் பேசு. கடைக்கு வர்றவுக காதுல விழும்," என்றான் கணவன் சுரேஷ்கண்ணன்.

"விழட்டும். நரைச்ச தலையோட பொம்மை ஓட்டுறது அவுகளுக்கும் தெரியட்டும்."

சுரேஷ்கண்ணனுக்கு உரக்கடை. காலையில் ஊருக்கெல்லாம் யூரியா, சாயங்காலம் ரிமோட் கார். ஆறு மாதமாக இதே கூத்துதான். மிக்ஸிக்குப் பக்கத்தில் பேட்டரி சார்ஜ் ஆகும். சோற்றுத் தட்டு வைக்கிற இடத்தில் சக்கரம் கழற்றிக் கிடக்கும்.

"எம்பது கிலோமீட்டர் வேகம் போகும்," என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அளப்பான். திராட்சைக்கு மருந்து கேட்டு வந்தவர்கள் பாவம், தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள்.

தெருவில் பாதிப் பேர் பவானிக்காகப் பரிதாபப்பட்டார்கள். மீதிப் பேர், "பொம்பளைக்கு இம்புட்டு வாய் ஆகாது," என்றார்கள்.

பரிதாபப்பட்டவர்களில் முதல் ஆள் அப்சல், சுரேஷ்கண்ணனின் நண்பன், வாழைக்காய் மண்டி வைத்திருப்பவன். பவானிக்கு ஓர் உபகாரம் செய்வதென்று முடிவெடுத்து, ஆன்லைனில் ஒரு ஜிபிஎஸ் மீட்டர் வரவழைத்தான். தீப்பெட்டி அளவுதான். காரின் முதுகில் ஒட்டிவிட்டால் போதும். ஓடியதிலேயே உச்ச வேகம் எதுவோ, அதைத் திரையில் காட்டிக்கொண்டு நிற்கும்.

"மாப்ள, எம்பதெல்லாம் வேணாம். எழுபதைத் தாண்டட்டும், இந்த மீட்டரே உனக்கு. தாண்டலேன்னா காரையும் ரிமோட்டையும் என்கிட்டக் குடுத்துடணும். அதோட இந்த விளையாட்டையே விட்டுடணும்."

சுரேஷ்கண்ணன் யோசிக்கவே இல்லை. அளந்துவிட்ட வாய், பின்வாங்க முடியுமா? "சரிடா. மீட்டரைப் பாத்துச் சொல்றது யாரு?"

"உன் ஆளு நின்னா நான் நம்ப மாட்டேன், என் ஆளு நின்னா நீ நம்ப மாட்ட. பவானி தங்கச்சி நிக்கட்டும். அந்தக் காரு தோத்தா தெருவுக்கே பிரியாணி போடுவாக."

பவானி வந்து நின்றாள். "அது ஒழியுறதைப் பாக்கக் கூலி இல்லாம வாரேண்ணே," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். காமயகவுண்டன்பட்டிக்குப் பக்கத்தில் இன்னும் திறக்காத புது ரோடு. ஒரு முனையில் ஆண்கள் இருவரும் காரும். மறுமுனையில், திராட்சைத் தோட்டத்தின் ஓரம், ஸ்கூட்டரோடு பவானி. கார் அவளிடம் போய் நிற்கும். அவள் அதை மீட்டரோடு எடுத்து வந்து இருவர் முன்னாலும் காட்ட வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

"காத்து எதுக்க அடிக்குது மாப்ள."

"ஆடி மாசம் கம்பத்துல காத்து அடிக்காம வேற என்ன செய்யும்? விடு."

விட்டான். கார் கத்திக்கொண்டு போனது. சத்தம் எழுபதுக்கு மேலேயே இருந்தது, வேகம்தான் இல்லை. அது சுரேஷ்கண்ணனுக்கே தெரிந்துவிட்டது. முகம் சுண்டிப்போய் அந்த முனையையே பார்த்துக்கொண்டு நின்றான். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

மறுமுனையில் பவானி காரை எடுத்தாள். மீட்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். காரை ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் வைத்தாள். பிறகு கிளம்பினாள் பாருங்கள். வழக்கமாகச் சைக்கிள்காரர்களே முந்திக்கொண்டு போகிற ஸ்கூட்டர் அது. இன்றைக்கு முந்தானை பறந்தது. புருஷன் தோற்றதைச் சூடு ஆறுவதற்குள் பரிமாற அவ்வளவு அவசரம்.

வந்து நின்றதும் இரண்டு தலைகளும் திரையின் மேல் குனிந்தன.

எழுபத்து மூன்று.

சுரேஷ்கண்ணன் காரைத் தூக்கிக்கொண்டு, "யாருகிட்ட? யாருகிட்ட?" என்று ரோட்டிடமே கேட்டபடி ஓடினான்.

பவானி தலையில் அடித்துக்கொண்டாள். "இனி கையில பிடிக்க முடியாது."

அப்சல் அவளையும் ஸ்கூட்டரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"தங்கச்சி, காரை எடுத்ததும் மீட்டரை ஆஃப் பண்ணுனீகளா?"

"இல்லண்ணே."

"அப்ப இது ஸ்கூட்டர் போன வேகம்ல?"

"ஆமாண்ணே. காரு அம்பத்தெட்டுதான்." அவள் மறைக்கவே இல்லை.

"ஏன் தங்கச்சி? உங்களுக்காகத்தான இம்புட்டும் செஞ்சேன்."

பவானி தூரத்தில் குதித்துக்கொண்டிருந்த கணவனைப் பார்த்தாள்.

"இந்தக் காரு வர்றதுக்கு முன்னாடி இவுக போனும் கையுமாக் கிடந்தாகண்ணே. ரம்மி. திங்கிறப்பவும் ரம்மி, கக்கூஸ்லயும் ரம்மி. மக காய்ச்சல்ல கிடந்தப்பவும் தலை நிமிரல. இந்த ரிமோட்டைப் பிடிக்க ரெண்டு கையும் வேணும். போனைத் தொடக் கை இல்ல."

அப்சலுக்கு இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது.

"அப்பறம் எதுக்குத் தங்கச்சி தெருவெல்லாம் அதைத் திட்டித் தீக்குறீக?"

"வாக்கிங் நல்லதுன்னேன், நாலு நாள்ல விட்டுட்டாக. யோகா நல்லதுன்னேன், வாங்குன பாயை இன்னும் பிரிக்கல. நான் நல்லதுன்னு சொன்ன எதைத்தாண்ணே அவுக விடாமச் செஞ்சாக? இதையாச்சும் திட்டித்தான காப்பாத்தணும்."