கரூரிலிருந்து இரண்டு நட்சத்திரம்

'மொட்டை வெயில்' ராக் குழுவின் இரண்டாவது ஆல்பத்துக்கு ஒரே வாரத்தில் நாற்பதாயிரம் விமர்சனங்கள் வந்தன. எல்லாமே ஐந்து நட்சத்திரம். பாடகன் எழிலனுக்கு அதில் துளிக்கூட சந்தோஷமில்லை. இப்போதெல்லாம் காதில் மாட்டும் கருவியே கேட்பவரின் ரசனைக்குத் தக்கபடி பாட்டை மாற்றிக் கொடுத்துவிடுகிறது. பிறகு யாருக்குத்தான் பிடிக்காமல் போகும்? தான் பாடியதை அப்படியே கேட்டவர் ஒருவராவது உண்டா என்று தெரியாமல் அவன் தவித்தான்.

எட்டாம் நாள் இரண்டு நட்சத்திரம் ஒன்று வந்தது. கொடுத்தவர் கரூரில் தையல் கடை வைத்திருக்கும் ஷமீமா. எழிலனும் டிரம்ஸ் வாசிக்கும் ரெபேக்காவும் அன்றைக்கே பஸ் ஏறினார்கள்.

கடையில் இருந்தது பழைய ஸ்பீக்கர். அதற்குப் பாட்டை மாற்றத் தெரியாது. வந்தவர்கள் யாரென்று தெரிந்ததும் ஷமீமா மெஷினை நிறுத்தினார்.

"சண்டைக்கு வந்தீங்களா?"

"இல்லீங்கக்கா. என்ன பிடிக்கலைன்னு கேக்க வந்தோம்" என்றான் எழிலன்.

"நாலாவது பாட்டுல இந்தப் பொண்ணு ரொம்ப அடிக்குது. கடைசிப் பாட்டு பாடறப்ப உங்களுக்குச் சளியா தம்பி?"

ரெபேக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். எழிலனின் அம்மாவே கண்டுபிடிக்காத சளி அது.

"ஆமாங்கக்கா!" என்றான் அவன், பரிசு வாங்கியவனைப் போல. "அப்புறம் அந்த ரெண்டு நட்சத்திரம் எதுக்குங்க?"

"ரெண்டாவது பாட்டுக்கு. அதைக் கேட்டா கை தானா வேகமா தைக்குது."

தொங்கிக்கொண்டிருந்த ரவிக்கைகளை ஒதுக்கிவிட்டு எழிலன் அந்தப் பாட்டைப் பாட ஆரம்பித்தான். ரெபேக்கா துணி வெட்டும் மேசையில் தாளம் போட்டாள். ஷமீமாவின் கால் மெஷினை மிதிக்கத் தொடங்கியது.