முழங்கை

கோல்பி வீசிய ஸ்லோ பாலை பேட்டர் தூக்கி அடித்தான். அது வேலியைத் தாண்டி, புல்மேட்டில், மார்லாவின் போர்வைக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது.

ஒரே இன்னிங்ஸில் இது இரண்டாவது.

பேஸ்பால் சீசன் தொடங்குவதற்கு முந்தைய பயிற்சி ஆட்டம்தான். மார்ச் மாதத்து அரிசோனா வெயிலில், பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்திருந்தார்கள். யாரும் பெரிதாகச் சத்தம் போடவில்லை.

மார்லா எலுமிச்சைச் சாற்றை வெகுநேரமாகக் கையில் பிடித்திருந்தாள். ஐஸ் குளிரில் விரல் மரத்துப்போயிருந்தது. மனசும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

பக்கத்தில் வெண்டெலும் அவன் மனைவியின் தம்பி ஆர்லோவும். மில்வாக்கியிலிருந்து விமானம் ஏறி வந்தவர்கள். இன்றுதான் அவளுக்கு அறிமுகம். காலையிலிருந்து கோல்பி பஞ்சாயத்துதான்.

கோல்பியின் கை செத்துவிட்டது என்பது வெண்டெலின் கட்சி. முப்பத்தொரு வயசு ஆளை ஆட்டத்தின் கடைசியில் இறக்கிவிட்டு, காப்பாற்று என்றால் எப்படிக் காப்பாற்றுவான் என்றான். கைக்கு ஒன்றுமில்லை, வேகம் காட்டும் பலகையைப் பார், பந்து பழைய வேகத்தில்தான் போகிறது, போனது தைரியம்தான் என்றான் ஆர்லோ.

"தைரியம் போனா என்ன, கை போனா என்ன மச்சான்? பந்து என்னவோ நம்ம மடியிலதான் வந்து விழுது."

ஆர்லோ விடவில்லை. முந்தின வருஷம் முட்டிவலியோடு நின்று ஜெயித்துக் கொடுத்தவனை இப்படி மறக்கலாமா என்று கேட்டான். அதற்காக ஆயுளுக்கும் சம்பளம் கொடுப்பார்களா என்று வெண்டெல் சிரித்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள். இந்த வாரக் கடைசியில் அணி ஊருக்குக் கிளம்புகிறது. ஆட்டத்தின் பிற்பாதியில் இறங்கிப் பந்து வீசும் ரிலீஃப் பிட்சர்களில் மிச்சம் இருப்பது ஒரே இடம். ஒன்று கோல்பி, இல்லையென்றால் சட்டையில் பெயர்கூடப் போடாத அந்த எண்பத்தொன்றாம் நம்பர் பையன். இந்த இடம் கிடைக்காவிட்டால் இந்த வயசில் கோல்பியை வேறு எந்த அணியும் கூப்பிடாது. நெப்ராஸ்காவில் மாமனார் கடையில் டயர் மாற்ற வேண்டியதுதான்.



கையும் இல்லை, தைரியமும் இல்லை. முழங்கை. மார்லா போன வாரமே கவனித்துவிட்டாள்.

ஸ்லோ பால் வீசப் போகும்போது மட்டும், கையுறைக்குள் பிடியை மாற்றுகையில், கோல்பியின் வலது முழங்கை உடம்பை விட்டுக் கொஞ்சம் விலகுகிறது. வேகப் பந்துக்கு விலகுவதில்லை. எதிரே நிற்கிற பேட்டருக்கு அது போதும். என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டால் யார்தான் அடிக்க மாட்டார்கள்? பயிற்சியாளர்கள் அவன் காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரண்டு நாளில் சரிசெய்துவிடுவான்.

அணி உட்காரும் இடத்திலிருந்து மேனேஜர் கையைச் சுழற்றிக் காட்டினார். அவ்வளவுதான், மூன்றாவது ஆள் அவுட் ஆகாமலேயே இன்னிங்ஸ் முடிந்தது. பிட்சரின் கை கெட்டுவிடக் கூடாதென்று பயிற்சி ஆட்டத்தில் மட்டும் இப்படி ஒரு சலுகை உண்டு. கோல்பி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து வேலியோரமாக ஓட ஆரம்பித்தான். வீசி முடித்த பிட்சர்கள், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அப்படி ஓடுவது இங்கே வழக்கம். புல்மேட்டுக்கு நேராக வந்தவன் மார்லாவைப் பார்த்து நின்றுவிட்டான். அவள் வீட்டு மேஜையில் உட்கார்ந்து, கூச்சப்படாமல் இன்னொரு தட்டு மக்கரோனி கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன்.

மூச்சிரைத்தது. தொப்பியைக் கழற்றினான்.

"ஆன்ட்டி, உங்க கண்ணுக்குத் தப்பாது. நீங்களாவது சொல்லுங்க, நான் எங்க தப்பு பண்றேன்?"

வெண்டெலும் ஆர்லோவும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வார்த்தை அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மனசு பதறும் என்று நினைத்தாள், பதறவில்லை. உள்ளே ஒன்றுமே அசையவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"தப்பெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. நல்லாத்தான் போடுற. நேரம் சரியில்ல, அவ்வளவுதான்."

அவன் அதை அப்படியே நம்பினான். நன்றி சொல்லிவிட்டு மறுபடியும் ஓடினான்.

தெரிந்த பையனா என்று ஆர்லோ மெதுவாகக் கேட்டான். கொஞ்சம் தெரியும் என்றாள். ஐஸ் முழுக்கக் கரைந்துவிட்டிருந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்தாள்.

அடுத்த இன்னிங்ஸுக்கு எண்பத்தொன்று வந்தான். ஒல்லியான பையன். முதல் பேட்டர் மூன்று முறை மட்டையை வீசி மூன்று முறையும் காற்றைத்தான் அடித்தான். இரண்டாமவனுக்கும் அதே கதி.

வெண்டெல் நிமிர்ந்து உட்கார்ந்தான். பையன் எந்தப் பந்துக்கும் கையை ஒரே மாதிரி வைத்திருக்கிறான், என்ன வரப்போகிறதென்று சாமிக்கே தெரியாது என்று மெச்சிக்கொண்டான். யார் பெற்ற பிள்ளையோ, நன்றாகப் பழக்கியிருக்கிறார்கள் என்றான்.

புல்மேடு முழுக்கக் கை தட்டியது. வேலியோரம் ஓடிக்கொண்டிருந்த கோல்பியும் நின்று தட்டினான்.

மார்லா தட்டவில்லை. மகனுடைய முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்குப் பதினைந்து வயசில் அதுவும் கோல்பியுடையதைப் போலத்தான் விலகும். கக்கத்தில் ஒரு சாக்ஸைச் சுருட்டி வைத்து, அது கீழே விழாமல் வீசு என்று, ஒரு கோடை முழுக்கக் கொல்லையில் அவன் எதிரே குந்தி உட்கார்ந்து பந்து பிடித்தவள் அவள்தான்.