ஒப்பாரி கேட்ட ஐஸ் பெட்டி

அப்பாவின் உடல் கிடந்த ஐஸ் பெட்டியை, வீட்டில் இல்லாத ஓர் ஏசி என்று பதிந்து, சொன்னதைக் கேட்டு இயக்கும் குரல் கருவியோடு கனடாவிலிருந்தே இணைத்துவிட்டிருந்தான் பூங்கோதையின் தம்பி பரிதி. நாளை அவன் வந்து முகம் பார்க்கும்வரை உடல் தாங்க வேண்டும்.

மதியமே நாற்றம் வீசத் தொடங்கியது. பூங்கோதை மூக்கைப் பொத்திக்கொண்டு பெட்டியைத் தொட்டாள், வெதுவெதுவென்றிருந்தது.

காலையிலிருந்து அழுதுகொண்டிருந்த அம்மா, "குளிருதோ என் ராசாவுக்கு, கொடும்பனியில் கிடக்கையிலே!" என்று மறுபடியும் மாரடித்தாள்.

"சரிங்க, குளிரைக் குறைச்சிட்டேன்," என்றது கருவி.

பூங்கோதை தம்பிக்குப் போன் போட்டுக் கத்தினாள்.

"என்னை எதுக்குக்கா திட்டுற? குளிருங்கிற வரிய மட்டும் விட்டுட்டு அழச் சொல்லு அம்மாவ."

நாற்றத்தைவிட அதுதான் அவளுக்குக் குமட்டியது.

"நீ மெதுவாவே வாப்பா. நாங்க இன்னைக்கே எடுத்துடுறோம்."