உதட்டுப் புள்ளி

காக்ஸ் டவுனில் தியோடர் குடும்பத்தாரை உதட்டிலுள்ள கருப்புப் புள்ளிகளை வைத்தே அடையாளம் சொல்வார்கள்.

"அண்ணி, உங்க பொண்ணு உதட்டுல நம்ம வீட்டுப் புள்ளியையே காணோமே?" என்று தியோடரின் தங்கை பியாட்ரிஸ் குத்தலாகக் கேட்ட நாளிலிருந்து, தியோடர் மகளைத் தூக்கவேயில்லை. அவன் மனைவி கேத்தரின் மாதாவிடம் அழாத நாளில்லை.

இரண்டு வயதில் குழந்தையின் உதட்டில் புள்ளிகள் அரும்பின. தியோடர் மகளை வாரி முத்தமிட்டான். "என் ரத்தம்டி இது! என்னை மன்னிச்சிடு, கேத்தரின்."

அந்த வருஷமே அவன் வயிற்றுவலியோடு ஆஸ்பத்திரியில் படுத்தான். டாக்டர் கேத்தரினைத் தனியாக அழைத்தார்.

"குடல்ல கேன்சர்மா. இந்தப் புள்ளி இருக்கிற குடும்பத்துல வரும். இவரோட அப்பா?"

"அவரும் வயித்துவலியிலதான் போனாரு, சார்."

டாக்டர் அவள் இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தார். "இவ உதட்டுலயும் இருக்கே!"

கேத்தரின் முந்தானையால் மகளின் உதட்டை அழுந்தத் துடைத்தாள்.

"இவ அவருக்குப் பொறந்தவ இல்ல, சார்!"