ஆறு மணி கோல்

தங்கள் ஹாக்கி டீம் ஜீவனஹள்ளிப் புது மைதானத்துக்கு மாறப்போவதை மரியநாதனிடம் எப்படிச் சொல்வதென்று கேப்டன் டெஸ்மண்ட் தவித்தான். பன்னிரண்டு வருடமாக ஒரு மேட்ச் விடாமல் வந்து கைதட்டியவர் அவர்.

"அங்கிள், ரொம்ப தூரம். ஜட்கா பிடிச்சுத்தான் நீங்க வரணும்..."

"அப்பாடா! எப்பப்பா போறீங்க?"

டெஸ்மண்டின் முகம் சுருங்கியது. "எங்க மேல கோவமா?"

"கோவமா? ஆறு மணிக்கு மாதா கோயில் மணி கேட்டதும் பதினோரு பேரும் மட்டையைக் கீழ வெச்சு, கண்ணை மூடி ஜெபம் பண்றீங்க. எதிர் டீம்காரன் அந்த நேரம் பாத்து கோல் போட்டுடறான். ரெண்டு வருஷமா கப்பு அப்படித்தானே போச்சு?"

"அதனாலதான் போறோம் அங்கிள். அங்க மணிச் சத்தம் கேக்காது."

"நல்லா போங்கப்பா! இனிமே நானும் மனசு உறுத்தாம அடிப்பேன்" என்றபடி, வழக்கம்போல் ஆறு மணி அடிக்க, மைதானத்தை ஒட்டிய கோயில் மணிக்கூண்டின் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார் மரியநாதன்.