எண்ணுக்குப் பெயர்

“நாலு மணிக்கு வந்துடுவார் தம்பி. அதுக்குள்ள முடிச்சிட்டுக் கிளம்பிடுங்க. அவர்கிட்ட நான் அப்புறமா பக்குவமா சொல்லிக்கிறேன்” என்று அண்ணி நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

அண்ணனுடைய நாற்காலி. உட்காரவே கூச்சமாக இருந்தது.

மூன்று வருடம் கழித்து அண்ணனின் பட்டறைக்குள் வந்திருக்கிறேன், அவர் இல்லாத நேரம் பார்த்து.

பம்பு மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறை. முன்னறையில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். அனுப்புகிற மெயில் சில இடங்களிலிருந்து திரும்பி வந்துவிடுகிறது. பெரிய ஆர்டர் ஒன்று கைநழுவப் பார்க்கிறது. வேறு வழியில்லாமல்தான் அண்ணி என்னைக் கூப்பிட்டார்.

முன்பெல்லாம் பட்டறையின் மெயில் என் சர்வரில்தான் ஓடியது. ஒரு நாள் வாடிக்கையாளர்கள் முன்னால் அண்ணன் என்னைக் காட்டி, “இவன் கம்ப்யூட்டர் மெக்கானிக்” என்று சொல்லிச் சிரித்தார். அவர் மோட்டார் மெக்கானிக். அவர் வாயில் அது பெருமையாகக்கூட இருந்திருக்கலாம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

“இனி உங்க மெயிலை நீங்களே பாத்துக்குங்க. எனக்கு போன் பண்ணாதீங்க. ஏதாவது சொல்லணும்னா மெயில்ல எழுதுங்க.”

அவரும் பார்த்துக்கொண்டார். புத்தகம் வாங்கிப் படித்து, தானே ஒரு மெயில் சர்வரை நிறுவியிருக்கிறார். செம்புக்கம்பி சுற்றிப் பழகிய கை. ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்.

இணையத்தில் ஒவ்வொரு சர்வருக்கும் பெயரோடு ஓர் எண்ணும் உண்டு. பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்லும் பதிவு இருந்தது. எண்ணைக் கொடுத்தால் பெயரைச் சொல்லும் பதிவு இல்லை. ரிவர்ஸ் டிஎன்எஸ் என்போம். அது இல்லாத சர்வரிலிருந்து வரும் மெயிலைக் கறாரான இடங்களில் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

என் சர்வர் கறாரிலும் கறார். திருப்பி அனுப்பும் கடிதத்தில் போவதற்கென்று நானே ஒரு வரி எழுதிவைத்திருக்கிறேன், ஆங்கில எழுத்தில் தமிழாக. குப்பை மெயில் அனுப்புகிறவர்களுக்குச் சூடு வைப்பதாக நினைப்பு. கூட வேலை செய்கிறவர்கள் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அப்போதுதான் உறைத்தது. அண்ணன் எனக்கு எழுதியிருந்தால் அதுவும் அப்படித்தான் திரும்பியிருக்கும்.

எதிர்ச்சுவரில் அண்ணன் மகள் பாப்பாவின் கல்யாணப் போட்டோ. சொந்தம் முழுவதும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. சித்தப்பாவான நான் மட்டும் இல்லை. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. இரண்டு வருடமாக நான் உப்புப் போட்டுக் காப்பாற்றி வருகிற கோபம் அது.

நான் போட்டோவைப் பார்ப்பதைக் கண்டதும் அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூப்பிடாத குற்ற உணர்ச்சி என்று நினைத்தேன்.

“திரும்பி வந்த மெயிலெல்லாம் எங்க அண்ணி?”

அண்ணனுக்குக் கம்ப்யூட்டர் மேல் நம்பிக்கை கிடையாது. எல்லாவற்றையும் அச்செடுத்துக் கோப்பில் கோத்துவிட வேண்டும். அலமாரியில் இரண்டு கோப்புகள். ‘திரும்பி வந்தவை.’ ‘பதில் வந்தவை.’ முதலாவதை அண்ணி எடுத்துத் தந்தார்.

பழுதைப் பார்க்கிற சாக்கில் என் முகவரியைத் தேடினேன். ஒவ்வொரு தாளாக, விரலை எச்சில் தொட்டுத் தொட்டு. எல்லாம் கொட்டேஷன்கள். கடைசித் தாள்வரை நான் இல்லை.

ஆக, அண்ணன் எழுதவேயில்லை. நிம்மதியாக இருந்தது. வயிறும் எரிந்தது.

பட்டறை சர்வரின் எண் இணைய இணைப்பு தரும் நிறுவனத்துக்குச் சொந்தமானது. அவர்கள்தான் அதற்குப் பெயர் சேர்க்க முடியும். போன் செய்தேன். இருபது நிமிடம் பாட்டுப் போட்டுக் காக்கவைத்த பிறகு ஒரு பெண் வந்து, பட்டறையின் பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

அரை மணி கழித்து எண்ணைக் கொடுத்துப் பார்த்தேன். பட்டறையின் பெயரைச் சொன்னது.

என் முகவரிக்கு ஒரு சோதனை மெயில் அனுப்பினேன். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ‘கிடைத்தது’ என்று பதில் போட்டேன். அது பட்டறைக் கம்ப்யூட்டரில் வந்து நின்றதும் அண்ணிக்கு முகமெல்லாம் சிரிப்பு. உடனே அச்செடுத்துவிட்டார்.

“இதையும் கோத்துடுங்க தம்பி. இல்லன்னா உங்க அண்ணன்கிட்ட யாரு பேச்சு வாங்கறது?”

‘பதில் வந்தவை’ கோப்பைத் திறந்தேன். ஆள்வாரியாகப் பிரித்து, அட்டையில் பெயர் எழுதி ஒட்டியிருந்தார். என் பெயரிலும் ஓர் அட்டை இருந்தது.

அதற்குக் கீழே ஒரே ஒரு தாள். தேதி, கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் முன்னால்.

தாளின் அடிப்பாதியில் அண்ணன் எனக்கு அனுப்பிய மெயில்: ‘தம்பி, வர்ற பத்தொன்பதாம் தேதி பாப்பாவுக்குக் கல்யாணம். அன்னைக்கு நான் பேசினது தப்புதான். மனசுல வெச்சுக்காதே. நீ வந்து முன்னால நிக்கணும்.’

மேல்பாதியில் இயந்திரம் துப்பிய ஆங்கிலம், பத்துப் பன்னிரண்டு வரி. அதற்கு நடுவில், குப்பை மெயிலுக்கென்று நான் எழுதிவைத்த அந்த ஒரே ஒரு தமிழ் வரி. அண்ணன் அதைச் சிவப்புப் பென்சிலால் அடிக்கோடிட்டிருந்தார்.

‘யார் நீ? உன்னை எனக்குத் தெரியாது. இனி இந்தப் பக்கம் வராதே.’

ஓரத்தில், கோணாத அவருடைய கையெழுத்து: ‘தம்பி பதில் போட்டுட்டான். இனி அவனைத் தொந்தரவு பண்ணக் கூடாது.’

மணி மூன்றே முக்கால். வேலை முடிந்துவிட்டது.

நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.