ஒரே டேக்

"நோட்டெல்லாம் நெசந்தான தம்பி? டூப்ளிகேட்டத் தொட்டா எனக்கு நடிப்பு வராது" என்றார் சோலைமுத்து.

"நெசந்தான் சார்" என்றான் இனிகோ.

சோலைமுத்து, பூங்கரட்டுப்பட்டி பேரூராட்சியின் செயல் அலுவலர். ஊர்ப் பூச்சந்தையில் படம் எடுக்க அவர் கையெழுத்து வேண்டும். கையெழுத்துக்கு ஒரு தொகை கேட்டார். கூடவே படத்தில் ஒரு வேடமும் கேட்டார்.

இனிகோ அந்தப் படத்தின் இயக்குநர். ஊழலைக் கிண்டலடிக்கிற காமெடி திரில்லர் அது, அவனுடைய முதல் படம். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, பி.எஃப். பணத்தை அப்படியே தூக்கிக் கொடுத்திருந்தார். நாளை மறுநாள் ஹீரோ வேறு படத்துக்குப் போய்விடுவான். அதற்குள் சந்தைக் காட்சியை முடிக்காவிட்டால் படமும் இல்லை, அப்பாவின் பணமும் இல்லை.

"ரெண்டையும் ஒண்ணாக்கிருவோம்" என்று முந்தாநாள் யோசனை சொன்னவரும் சோலைமுத்துதான். "லஞ்சம் வாங்குற அதிகாரி வேசம் எனக்கு. என் ஆபீசு, என் நாக்காலி. நீ நெசப் பணத்தக் குடு, நான் நடிச்சுக்கிட்டே வாங்கிக்கிறேன். எவனாச்சும் கேட்டா ஷூட்டிங்குன்னு சொல்லிட்டுப் போறேன். எப்புடி?"

இத்தனை வருட சர்வீஸில் ஊர் வேலை எதற்கும் அவர் இவ்வளவு மூளையைச் செலவழித்ததில்லை.

இன்று புதுச் சட்டை, முகத்தில் பவுடர். ஜன்னலுக்கு வெளியே படப்பிடிப்பு வேன் நிற்பதைப் பார்த்து முடியை ஒதுக்கிக்கொண்டார்.

"அனுமதிக் கையெழுத்து சார்..."

"அட, சீன் முடியட்டும்யா. மொதல்ல நடிப்பு, அப்பறம் நிர்வாகம். கத என்ன, சொல்லு."

"பணத்த வாங்கி டிராயர்ல வைக்கிறீங்க. உடனே லஞ்ச ஒழிப்புக்காரங்க வந்து ஒங்களப் பிடிக்கிறாங்க."

சோலைமுத்துவின் முகம் சுருங்கியது. "மாட்டணுமா?"

"அங்கதான சார் நடிப்பே இருக்கு! அழுது, எல்லாத்தையும் ஒத்துக்கிட்டீங்கன்னா தியேட்டர்ல சனம் எந்திரிச்சுக் கைதட்டும்."

"வசனம்?"

"மனசுல வர்றதப் பேசுங்க சார். எழுதிக் குடுத்தா செயற்கையா இருக்கும்."

"கேமரா எங்க இருக்கு?"

"அத நெனைக்கவே கூடாது சார். நெனச்சா கண்ணு அங்கயே போகும்."

சோலைமுத்து பணக்கட்டை இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டு டிராயருக்குள் வைத்தார். அதை மட்டும் அவர் நடிக்கவேயில்லை.

கதவு திறந்தது. பருத்திப் புடவை கட்டிய ஒரு பெண்ணும், பின்னால் இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள்.

"நான் ஜீவிதா, லஞ்ச ஒழிப்பு. கைய இதுல நனைங்க."

"டீச்சரம்மா மாதிரி இருக்கு. போலீசுக்கு வேற ஆளே கெடைக்கலயா?" என்று இனிகோவிடம் கிசுகிசுத்தபடி கண்ணாடி டம்ளருக்குள் விரல்களை விட்டார். தண்ணீர் ரோஜா நிறத்துக்கு மாறியது. "அடேயப்பா! நோட்டுல பவுடர்கூடத் தடவிருக்கீங்களா! அம்புட்டும் தத்ரூபமா இருக்கே!" என்று வியந்தவர், சட்டென்று சுதாரித்துக்கொண்டு ஜீவிதாவின் காலில் விழுந்தார்.

"வாங்குனேம்மா! தெருவெளக்குல வாங்குனேன்! சாக்கடையில வாங்குனேன்! சுடுகாட்டுச் செவத்துலகூட வாங்குனேன்! கட்டாத கக்கூசுக்குப் பில்லு போட்டேன்!"

"அம்புட்டையும் எங்க வச்சிருக்கீங்க?"

"நெய்க்காரப்பட்டில மச்சினன் வீடும்மா! மாட்டுக்கொட்டத்துல, தவிட்டு மூட்டைக்கு அடியில! பத்திரம் பூராவும் அவன் பொண்டாட்டி பேர்ல!"

கூட வந்தவர்கள் மளமளவென்று எழுதினார்கள். சோலைமுத்துவுக்கு நிஜமாகவே கண்ணீர் கொட்டியது. மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுத அழுகையில் இனிகோவுக்கே ஒரு நிமிடம் பாவமாகிவிட்டது.

"போதும், எந்திரிங்க" என்று ஜீவிதா பணத்தை உறையில் போட்டு ஒட்டினாள்.

சோலைமுத்து வேட்டியைத் தட்டிவிட்டு எழுந்தார். முகமெல்லாம் பெருமை. "எப்புடி தம்பி, ஓகேயா? அழுக கொஞ்சம் கூடிருச்சோ? வேணும்னா இன்னொரு டேக் எடுப்போம்."

கையெழுத்தாகாமல் மேஜையில் கிடந்த தன் விண்ணப்பத்தை இனிகோ எடுத்து மடித்தான்.

"எங்க சார் எடுக்குறது? கேமரா இன்னும் வேன விட்டே எறங்கல. நீங்கதான் இன்னும் அனுமதி குடுக்கலயே!"